வேப்பம்பழத்துக்குத் தோதான வலை

1. மாவில் விழுந்த மழை

"ஏனுங்க, உங்க கட்டர் தண்ணி என்ற மாவுல ஊத்துதுங்க. நீங்க வந்து பாக்கறீங்களா, இல்ல மாவைக் கொண்டாந்து உங்க கடைல கொட்டட்டுங்களா?"

காலையில் கடைக்குள் கால் வைத்ததும் வந்த முதல் போன் இது. பேசியவர் ஆட்டையாம்பட்டி சரோஜா அக்கா. வீட்டை ஒட்டி ஒரு ஷீட் கொட்டகை போட்டு, நாலைந்து பெண்களை வைத்துக் கை முறுக்கு சுற்றி விற்கிறவர். அந்தக் கொட்டகைக்கு ஷீட்டும் கட்டரும் எங்கள் கடையிலிருந்துதான் போனது. அளவெடுத்தது நான்.

நான் தேன்மொழி. சேலத்தில் ஒரு ரூஃபிங் ஷீட் கடையில் சைட் அளவெடுக்கிற வேலை. ஏணி ஏறியே முட்டி தேய்ந்தவள். இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அக்கா, சுத்தியும் மரம் இருக்கற வீட்டுக்கு எந்த கார்டு போடறது?" என்று கேட்கிறார்கள். கேட்லாக்கை நீட்டினால் அதில் எல்லா கார்டும் நல்ல கார்டுதான். அதனால் கேட்லாக்கை மூடிவிட்டு இதைச் சொல்கிறேன்.

கட்டர் என்பது ஷீட்டின் நுனியில் மழைத் தண்ணீரை வாங்கி டவுன் பைப்புக்கு அனுப்புகிற தகரக் கால்வாய். இலை தழை விழாமல் அதன் மேல் மூடுகிற வலைதான் கார்டு. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஒரு குடும்பமே ரெண்டுபடுமா என்றால், படும். நான் பார்த்தேன்.

ஆனி மாத மழை முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்திருந்தது. நான் போனபோது சரோஜா அக்கா வாசலில் ஈர மாவைப் பாயில் கொட்டி வைத்துக்கொண்டு, எனக்காகவே நின்றிருந்தார். கொட்டகையை ஒட்டி ஒரு பெரிய வேப்பமரம். அதன் ஒரு கொப்பு கூரை மேலேயே படுத்திருந்தது. மரத்தடிக் கட்டிலில் அவர் வீட்டுக்காரர் நல்லசாமி அண்ணன், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஏணி வைத்து ஏறினேன். ஐயோ சாமி, கட்டர் முழுக்க வேப்பங்கன்று. விரல் உயரத்துக்கு வரிசையாக முளைத்து நின்றது. எடுத்து நட்டால் ஒரு தோப்பே போடலாம். அதற்கு மேல் ஒரு வலை வேறு மூடியிருந்தது. விரல் நுழைகிற கண்ணுள்ள கம்பி வலை.

"இது யாருங்க்கா போட்டது?"

"அங்க உக்காந்திருக்காரே, அவரையே கேளுங்க."

நல்லசாமி அண்ணன் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குக் கூண்டு அடித்துக் கொடுத்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டார், மிச்சமிருந்த கூண்டு வலையை விடவில்லை. அதை வெட்டிக் கட்டர் மேல் போட்டுவிட்டார்.

"கோழியே தாண்டாது சாமி, எலை எப்படித் தாண்டும்?" என்றார் கட்டிலில் இருந்தபடியே.

"கோழி தாண்டாதுங்ணா. வேப்பம்பழம் தாண்டுமே."

வேப்பமரத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மா, பலா போல முழு இலையை அது கீழே போடாது. பொடிப்பொடியாகத்தான் உதிர்க்கும். மாசியில் இலை, பிறகு ஈர்க்கு, சித்திரையில் பூ, ஆனி ஆடியில் பழம், பழத்துக்குள் கொட்டை. வருசம் முழுக்க ஏதாவது ஒன்றைக் கூரை மேல் போட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கண் வலையில் இது எல்லாமே உள்ளே போய்விடும். உள்ளே போனதைக் கை விட்டு அள்ள விடாமல் அதே வலை தடுக்கும். அடைத்துக்கொண்ட தண்ணீர், முறுக்குப் புகை போக விட்டிருந்த சுவர் இடைவெளி வழியாகக் கொட்டகைக்குள் இறங்கிவிட்டது.

இதை நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட சரோஜா அக்கா சொன்னார்: "எனக்கு வலையும் வேண்டாம், கிலையும் வேண்டாம். மரத்தை வெட்டிப் போட்டா முடிஞ்சுது. ஆளுகிட்ட சொல்லிட்டேன். ஆடி பொறக்கப் போவுது, ஆடில வேப்பமரத்துல கத்தி வெக்கப்படாது, அதனால ஆவணி மொத நாள் வாரோம்னு சொல்லிருக்காங்க."

அப்போதுதான் நல்லசாமி அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார். அவருக்குத் தனியாகப் பட்டறை கிடையாது. அத்தனை வருசமும் கூண்டு அடித்தது, வெல்டிங் வைத்தது, வேலையாட்களுக்குச் சோறு போட்டது எல்லாம் இந்த மரத்தடியில்தான்.

"சரோசா, மொகத்துல வெல்டிங் அனல் அடிக்கறப்ப நிமுந்து பாத்தா இதுதான் இருந்துச்சு. அதை வெட்டிப்புட்டா நான் எங்க போய் உக்கார்றது?"

அவர் கத்தவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

சரோஜா அக்காவும் ஈரமில்லாதவர் அல்ல. கொஞ்ச நேரம் மாவைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒருக்கா ஒழுகுனாலும் மரம் போயிரும். நல்ல வலையாப் பாத்துப் போடுங்க" என்றார்.

ஒரு மரத்தின் ஆயுசு என் தலையில் வந்து விழுந்தது. கட்டர் விற்க வந்தவளுக்கு இதெல்லாம் தேவையா?

2. ஆளுக்கொரு வலை

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஸ்பாஞ்சு கார்டு ஒரு லோடு கோடவுன்ல தூங்குதேம்மா. அதைக் குடுத்துட்டு வா."

ஸ்பாஞ்சு கார்டு என்பது மெத்தைப் பஞ்சு மாதிரி, கட்டருக்குள் அப்படியே செருகிவிடுவது. தண்ணீர் உறிஞ்சி இறங்கும், இலை மேலே நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரப் பஞ்சு மேல் வேப்பங்கொட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் பயறு முளைக்க வைத்த எந்தப் பிள்ளையும் சொல்லும்.

"முதலாளி, அது கார்டு இல்லீங்க, நாத்தங்கால்."

"சரி, அப்ப நீயே பாத்துக்கோ," என்றார், நான் ஏதோ அவர் ஸ்பாஞ்சை அவமானப்படுத்திவிட்ட மாதிரி.

நான் தேர்ந்தெடுத்தது ஸ்டீல் சல்லடை வலை. கண் பொடிசு, ரவை கூட சிரமப்பட்டுத்தான் இறங்கும். வேப்பம்பூ, ஈர்க்கு, பழம் எதுவும் உள்ளே போகாது. சாம்பிள் எடுத்துக்கொண்டு மறுபடி ஆட்டையாம்பட்டி போனால், அங்கே எனக்கு முன்னாடியே இன்னொரு சாம்பிள் வந்து உட்கார்ந்திருந்தது. சரோஜா அக்காவின் தம்பி ஜவ்வரிசி மில் வைத்திருக்கிறார். மில்லில் கிழங்குப் பால் வடிகட்டுகிற துணியை ஒரு சுருட்டு கொண்டுவந்திருந்தார்.

"மேடம், இதுல மாவே எறங்காது. எலை எறங்குமா?"

"தண்ணி எறங்குமுங்களா?"

"அதெல்லாம் எறங்கும்."

கூண்டு வலையைக் கழற்றி, கன்றையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, கட்டர் மேல் அந்தத் துணியை விரித்து, ஒரு குடம் தண்ணீரை ஷீட் மேலிருந்து ஊற்றினேன். தண்ணீர் துணியை நலம் விசாரித்துவிட்டு, அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து, கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் சட்டையில் இறங்கியது. முறுக்கு சுற்றுகிற பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்து சிரித்தார்கள். தம்பி துணியைச் சுருட்டிக்கொண்டு போனவர், அடுத்து ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை என்று கேள்வி.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. கூண்டு அடிக்கிறவருக்குக் கூண்டு வலைதான் வலை. ஜவ்வரிசி மில்காரருக்கு வடிகட்டித் துணிதான் வலை. எங்கள் முதலாளிக்குக் கோடவுனில் கிடப்பதுதான் வலை. எல்லாரும் அவரவர் தொழிலைப் பார்த்து வலை எடுக்கிறார்கள், மேலே நிற்கிற மரத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் மட்டும்தான் மரத்தைப் பார்த்தவள் என்று ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ரெண்டு நாள் தாங்கியது.

3. ஆத்தா சொன்ன வலை

ஆடி பிறந்துவிட்டது. வலையை மாட்டலாமா என்று கேட்கப் போன் போட்டேன்.

"இருங்க தேன்மொழி. உங்க வலையா, இவரு வலையான்னு ஊட்டுல தெனமும் பேச்சு. பேசாம மாரியாத்தா கோயல்ல பூ கேட்டுரலாம்னு இருக்கேன்."

எங்கள் பக்கம் பொண்ணு பார்க்க, போர் போட, லாரி வாங்க, எல்லாவற்றுக்கும் சாமியிடம் பூ கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எதற்கு எது என்று மனதில் வேண்டிக்கொண்டு சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் கட்டர் கார்டுக்குப் பூ கேட்ட வீட்டை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

என் சல்லடை வலைக்கு வெள்ளை, கூண்டு வலைக்குச் சிவப்பு. பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

சரோஜா அக்காதான் போனில் சொன்னார். இத்தனை வருச அனுபவம், கேட்லாக், ஸ்டீல் கிரேடு எல்லாவற்றையும் ஒரு அரளிப்பூ சாய்த்துவிட்டது. யாரிடம் போய் நியாயம் கேட்பது? முதலாளியிடம் சொன்னால், "ஸ்பாஞ்சுக்கு ஒரு பூ போட்டிருக்கலாமே," என்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலமே நல்லசாமி அண்ணன் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்துவிட்டார். ஜெயித்த மனுசன் முகம் அப்படி இருக்காது. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சாமி, என்ற வலை ஜெயிச்சுருச்சு."

"ஆமாங்ணா, கேள்விப்பட்டேன்."

"என்ற மரம் போச்சு."

கூண்டு வலை ஒழுகும் என்பது அவருக்கும் தெரியும். கன்று முளைத்ததை அவரும்தானே பார்த்தார். சரோஜா அக்காவோடு மல்லுக்கு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அதுவரை பிடிவாதம் பிடித்திருக்கிறார். இப்போது ஆத்தாவே அவர் பக்கம் வந்து நின்றுவிட்டதும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

"அக்காகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. ஒழுகும்னு சொல்லுங்க."

"ஆத்தா சொன்னது ஒழுகும்னு நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

நான் சொல்வேனா? ஆடி மாசத்தில், மாரியாத்தா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

4. முட்டை உருளும் சரிவு

ஆனாலும் கூண்டு வலையைத் திரும்ப மாட்டப் போகும்போது ஸ்டீல் வலைச் சுருளையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒளித்து எல்லாம் வைக்கவில்லை. சரோஜா அக்கா பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதை எதுக்குங்க தூக்கியாந்தீங்க? ஆத்தாளே சொல்லிட்டா."

"சும்மா ஒருக்கா வெச்சுக் காமிக்கறேங்க்கா. அப்புறம் எடுத்துடறேன்."

கட்டர் மேல் என் வலையை விரித்து, ரெண்டு கை வேப்பம்பழத்தை அள்ளி மேலே போட்டேன். எப்படி நிற்கிறது பாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வலை நடுவில் தொட்டில் மாதிரி தொங்கி, பழத்தோடு கட்டருக்குள் இறங்கிவிட்டது. கேட்லாக்கில் உள்ள கட்டர் நாலு விரல் அகலம். நம் ஊரில் தகரம் வளைத்து அடிக்கிற கட்டர் ஒரு சாண் அகலம். அந்த அகலத்துக்கு என் வலை தனியாக நிற்காது. இதை அளவெடுத்தவள் நான்தான், யோசிக்காமல் விட்டவளும் நான்தான். ஆத்தா வெள்ளைப் பூ கொடுத்திருந்தால், ஒழுகியிருப்பது என் வலை.

பழத்தோடு வலையைச் சுருட்டி எடுத்தேன். பிறகு கீழே குரல் கொடுத்தேன். "அண்ணா, உங்க கூண்டு வலையை எடுத்துட்டு வாங்க."

கூண்டு வலைக் கம்பி விறைப்பானது, கோழியின் எடையைத் தாங்குவது. அதைக் கீழே போட்டு, மேலே என் சல்லடை வலையை விரித்தேன். அசையவில்லை. ஆனால் பழம் உருண்டு போகாமல் அப்படியே மேலே உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தால் அழுகும், அழுகினால் வலைக் கண் அடைக்கும். ஒரு பக்கம் தூக்கிச் சரித்தேன். பழம் உருண்டது, ஆனால் தண்ணீர் ஊற்றினால் அதுவும் உள்ளே இறங்காமல் முன்னால் தாவிப் போயிற்று.

கீழே இருந்து நல்லசாமி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தவர், "சாமி, கொஞ்சம் எறங்குங்க, நான் ஏறறேன்," என்றார்.

முட்டைக் கோழிக் கூண்டின் அடிவலையைப் பார்த்திருக்கிறீர்களா? சமமாக இருக்காது. கோழி இட்ட முட்டை தானாக உருண்டு முன்பக்கத் தட்டுக்கு வர லேசாகச் சரித்து அடிப்பார்கள். சரிவு கம்மியானால் முட்டை அங்கேயே கிடந்து மிதி படும். ஜாஸ்தியானால் வேகமாக வந்து உடையும். அந்தச் சரிவை அவர் டேப் வைத்து அளக்கவில்லை. கம்பியைக் கையில் வளைத்தார், ஒரு பழத்தை வைத்தார், பார்த்தார், மறுபடி வளைத்தார். பழம் அவசரப்படாமல் உருண்டு வந்து வெளியே விழுந்தது. ஒரு குடம் ஊற்றினேன், தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கியது.

முறுக்குக்காரப் பெண்கள் மாவுக் கையோடு வந்து நின்று, உருண்டு விழுகிற ஒவ்வொரு பழத்துக்கும் "முட்டை, முட்டை" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். சரோஜா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஆத்தா ஒரு வலைதானே சொன்னா? மேல இருக்கறது என்னது?"

நல்லசாமி அண்ணன் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. சரோஜா அக்காவே ஏணிக்குப் பக்கத்தில் வந்து வலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி, ஆத்தாளுக்கே சேலை சாத்தறோம். அவ சொன்ன வலைக்கு ஒண்ணு சாத்துனா கோவிச்சுக்கவா போறா. ஸ்க்ரூ நல்லா முடுக்குங்க."

5. ஆவணி முதல் நாள்

ஆடிப் பெருக்கு தாண்டி ஒரு சாயங்காலம், சேலத்திலேயே ரோடு தெரியாத மழை. நான் கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது. சரோஜா அக்கா.

"ஒழுகுதுங்களாக்கா?"

போனை எங்கோ தள்ளிப் பிடித்திருக்கிறார். அதில் டவுன் பைப்பில் தண்ணீர் சளசளவென்று இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கேட்டுச்சா?" என்றார். வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார்.

அப்புறமும் மூன்று நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நல்லசாமி அண்ணன் ஒவ்வொரு மழை விட்டதும் ஏணி போட்டு ஏறி, வலை மேல் ஒட்டியிருக்கிற ஈர இலையைச் சீமாரில் கூட்டித் தள்ளிவிடுவார் என்று முறுக்குக்காரப் பெண்கள் சொன்னார்கள். நான் சொல்லி அவர் செய்யவில்லை.

மரம் தப்பித்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆவணி முதல் நாள் காலையில், மரம் வெட்டுகிறவர்கள் டெம்போவில் ரம்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். சரோஜா அக்கா அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நல்லசாமி அண்ணன் சத்தத்தைக் கேட்டதும் சட்டையைக் கூட மாட்டாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டாராம்.

வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன். கோபம் என்றால் கோபம். அந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் வசனம் பேசிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது வெட்டு முடிந்திருந்தது. வாசலில் ஒரு கொப்பு கிடந்தது. கூரை மேல் படுத்திருந்த அந்த ஒரு கொப்பு மட்டும். மரம் நின்றது. வெட்ட வந்தவர்கள் அதன் அடியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் பேசி வைத்த வசனத்தை விட்டுவிட்டு இதை மட்டும் கேட்டேன்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க்கா. மனுசன் எங்க போய் நிக்கறாரோ."

"கொப்பு மட்டும்தான்னு சொல்ல உட்டாருங்களா? டெம்போவைப் பாத்ததும் எந்திரிச்சு ஓடிட்டாரு. வருவாரு. பசிச்சா வருவாரு."

உச்சி வெயிலில் வந்தார். வீட்டுப் பக்கம் பார்க்காமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர், கால் பழகிய இடத்துக்கு வந்ததும் நின்றார். அவர் நின்ற இடத்தில் நிழல் இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

சரோஜா அக்கா உள்ளே போனார். சோறு கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தேன். சீமாரைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தார்.

"கூட்ட ஆளு இருக்கறவரைக்கும் மரம் நிக்கும். நீங்க படுத்துட்டீங்கன்னா அப்புறம் நான் யாரை ஏணி ஏத்தறது? அதனால படுக்காம இருங்க," என்றார்.

கார்டு வாங்க வருகிறவர்களிடம் கட்டர் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால், இப்போது நான் ரெண்டு கேள்வி கேட்கிறேன். மேலே நிற்பது என்ன மரம்? அது உதிர்ப்பதை ஏணி ஏறிக் கூட்டுவது வீட்டில் யாரு? முதல் கேள்விக்கு எல்லாரும் டக்கென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். ரெண்டாவதுக்குப் புருசனும் பொண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அவர்கள் பேசி முடிக்கிறவரை நான் டேப்பை வெளியே எடுப்பதில்லை.